கருப்பு சாக்ஸ் போட்ட மஞ்சள் கால்

கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தவளுக்குக் "கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் பதில் வந்தது. அவள் பார்த்து மூன்று வாரம் கழித்து அதையே பார்த்த மனிதருக்குக் கைதட்டல். ஏன் இப்படி என்று கேட்டால் விதிமுறை என்றார்கள். விதிமுறையாம், விதிமுறை! அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் பம்ப் ஹவுஸ் கதவை அறைந்து சாத்தினாள் பதினேழு. தாழ்ப்பாளே கழன்று விழுந்துவிட்டது. அதையும் அவள்தான் ரிஜிஸ்டரில் எழுத வேண்டியிருந்தது.

பதினேழு என்பது பட்டப்பெயர். சட்டை தைக்கிற கம்பெனியில் பதினாலு வருஷம் அவள் செக்கர். தைத்து முடித்த சட்டை மேஜைமேல் வந்து விழும். காலர், தோள், கை, கஃப், பட்டன் பட்டி, கீழ்மடிப்பு என்று அந்த வரிசையில்தான் கண் போக வேண்டும். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று தப்பித்துவிடும். பார்த்து முடித்ததும் தன் நம்பர் அச்சடித்த துண்டுச்சீட்டு ஒன்றைப் பாக்கெட்டுக்குள் போட்டு அனுப்ப வேண்டும். இவள் நம்பர் பதினேழு. எங்கேயோ ஒரு கடையிலிருந்து சட்டை திரும்பி வந்தால் மேஸ்திரி பாக்கெட்டில் கையை விட்டுச் சீட்டை எடுப்பார். "பதினேழு! இங்க வா!" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். திரும்பி வராத ஆயிரக்கணக்கான சட்டைகளுக்காக ஒரு நாளும் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், நம்பர் மட்டும் பெயராக ஒட்டிக்கொண்டது. கட்டின புருஷன்கூடக் குஷியாக இருந்தால் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்.

அப்புறம் ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. காலை ஷிப்ட். மணிக்கொரு தரம் பம்ப் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும், நாலு குளத்தையும் ஒரு சுற்று சுற்றிவர வேண்டும், கேட்டில் வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் வாரம் மூக்கு அழுதது, இரண்டாவது வாரம் மூக்குக்கே மறந்துவிட்டது.

மூக்கு அடங்கினாலும் கண் அடங்கவில்லை. பதினாலு வருஷம் ஓயாமல் வேலை பார்த்த கண் அது. மீட்டருக்கும் மீட்டருக்கும் நடுவில் என்னத்தைப் பார்க்கும்? குளக்கரைச் சேற்றில் பழுப்பாய் நூறு இருநூறு பறவைகள் நின்றன. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒரே தையல். பதினேழு செக்கிங்கை ஆரம்பித்துவிட்டாள். காலர், தோள், கை, கஃப், கீழ்மடிப்பு. இரண்டாவது நாளே இருநூற்றில் ஒன்று வேறு துணி என்று கண்டுபிடித்தாள். பெயர் தெரியாது. ரிஜிஸ்டரில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதினாள்: "இரண்டாம் குளம், ஒரு பறவைக்கு மட்டும் கழுத்தில் கருப்புக் காலர், டபுள் பட்டை." ஷிப்ட் முடிவில் இன்ஜினியர் வந்து கீழே கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. அதனால் இது வழக்கமாகிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை சங்கத்துக்காரர்கள் வருவார்கள். ஊரில் வேறு நல்ல தண்ணீர் எதுவும் மிச்சமில்லாததால் பறவைக்கும் சங்கத்துக்கும் இந்தக் கழிவுக் குளம்தான் கதி. செயலாளர் ஒரு பல் டாக்டர். அகலத் தொப்பி, முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி, நிறைய பாக்கெட் வைத்த சட்டை. அந்தச் சட்டையில் நாலாவது பாக்கெட்டின் மூடி கோணலாகத் தைத்திருக்கிறது என்பதைப் பதினேழு முதல் நாளே பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. அவர் அவளைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கேட்டைத் திறக்கிற கையையும் நோட்டை நீட்டுகிற கையையும் பார்ப்பார், அதற்கு மேலே நிமிர மாட்டார்.

ஆனால் அவர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதில் இவள் சொக்கிப் போனாள். "புருவக்கோடு கண்ணுக்குப் பின்னால போகுதா பாருங்க." "கண்வளையம் முழுசா, உடைஞ்சிருக்கா?" "மீசைக்கோடு இருக்கு, இறக்கைப் பட்டை இல்ல." "பறக்கும்போது பிட்டம் வெள்ளை." ஒருத்தர் வாழ்நாளில் முதல்தடவை பார்க்கிற பறவைக்கு லைஃபர் என்று பெயர். தூரத்திலிருந்தே நிற்கிற தினுசையும் நடக்கிற தினுசையும் வைத்து இன்னதுதான் என்று சொல்லிவிடுவதற்கு ஜிஸ் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் உயிரியல் டீச்சர் ஒருத்தி இருந்தாள். கேட்டில் கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். ஜிஸ் என்றால் என்ன என்று இவள் கேட்டதற்கு, "அதாங்கக்கா, நடை உடை பாவனை" என்றாள். அட, இதற்குப் போய் இத்தனை பெரிய வார்த்தையா என்று பதினேழு நினைத்தாள். ஃபேக்டரியில் காலருக்குள் துணி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைத் தொடாமலே சொல்லுவாளே, அது ஜிஸ் இல்லாமல் வேறு என்ன?

அடுத்த வாரம் டீச்சர் ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பறவை, அதன் உடம்பு முழுக்க அம்புக்குறி, ஒவ்வொன்றுக்கும் பெயர். அலகு, உச்சி, புருவக்கோடு, பிடரி, தோள்பட்டை, பிட்டம், வாலடி. பதினேழு அதைப் பம்ப் ஹவுஸ் ஸ்விட்ச் பெட்டியின் உள்பக்கம் ஒட்டினாள். புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பழைய பைனாகுலர் ஒன்றைத் தேடிப் பிடித்து, பிரித்து, துடைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் பூஞ்சை போகவே இல்லை. "பரவாயில்ல விடு, ஒத்தைக் கண்ணாலயே நீ ஊரைப் பிரிச்சு மேஞ்சிடுவே" என்றார்.

படத்திலிருக்கிற வார்த்தைகள் எல்லாம் மனப்பாடம் ஆனாலும், அவசரத்தில் எழுதும்போது பழைய வார்த்தைதான் கையில் வந்தது. ஒரு ஞாயிறு பல் டாக்டரிடமே நேராகப் போய், "டாக்டர், அந்தக் கரையில ஒண்ணு நிக்குது, கஃப் மட்டும் வெள்ளையா" என்றாள். இறக்கையின் நுனி ஓரத்தைச் சொன்னாள். டாக்டர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "கஃப்பாம்! பட்டன் எத்தனைன்னு கேளுங்க!" என்றார். கூட்டமே சிரித்தது. டீச்சர் மட்டும் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள்.

எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்களேன். இந்தப் பறவைக்குத் தொப்பி என்கிறார்கள், அந்தப் பறவைக்குக் கழுத்துப்பட்டை என்கிறார்கள், பருந்துக்குக் கால்சராய் போட்டுவிடுகிறார்கள். மீசை வேறு வைக்கிறார்கள். இத்தனையும் அறிவியல். இவள் ஒரு கஃப் வைத்தால் மட்டும் கேலியா? தொப்பியை யார் தைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் இவர்கள்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அது நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு இருபது. சுத்தமான தண்ணீர் வெளியே போகிற வாய்க்கால் ஓரத்தில் ஒன்று நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் தினமும் நிற்கிற பொரி உள்ளான். முதுகெல்லாம் பொரி தூவின மாதிரி புள்ளி. ஆனால் பதினேழுக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. நடை வேறு. பொரி உள்ளான் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிக் குனிந்து மேயும், இது நிமிர்ந்து நின்றது. பைனாகுலரின் நல்ல கண்ணை வைத்து மேலிருந்து ஆரம்பித்தாள். புருவக்கோடு கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, பின்னால் ஓடவில்லை. துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங், பாதியில் நூல் தீர்ந்து போனது போல. இறக்கை நுனி வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது, அதாவது கை நீளம் அதிகம். பொரி உள்ளானுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் வாலோடு நின்றுவிடும். பறந்து உட்கார்ந்தபோது பிட்டத்தில் வெள்ளைச் சதுரம், முதுகில் ஏறவில்லை. கால், அடடா, கால் பளிச்சென்று மஞ்சள்.

அதோடு இன்னொன்றும் பார்த்தாள். இடது பக்கம், முதுகை ஒட்டி மடிந்திருக்கிற நீளமான இறகில், கத்தரி பட்ட மாதிரி சின்னதாய் ஒரு வெட்டு. சங்கத்துக்காரர்கள் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள். அவர்கள் எந்த இனம் என்று பார்ப்பார்கள். செக்கருக்கு எந்தச் சட்டை என்று தெரிந்தாக வேண்டும். டேமேஜ் எங்கே என்றுதான் அவள் கண் முதலில் போகும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழும்பி மூன்றாம் குளத்துச் சேற்றில் போய் இறங்கியது. திரும்பக் கரை ஏறியபோது கால் முழங்கால்வரை கருப்பு. பதினேழு அசரவில்லை. மூன்றாம் குளத்தில் காற்றைக் கலக்கிவிடுகிற ஏரேட்டர் நின்று அன்றைக்கு முப்பத்தொன்றாவது நாள். காற்றுப் போகாத குளத்தில் அடிச்சேறு மை மாதிரி கருத்துப் போகும். அதில் இறங்குகிற எந்தப் பறவையானாலும் கருப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். முப்பத்தொரு நாளாக ரிஜிஸ்டரில் அதை எழுதிக்கொண்டிருப்பவளும் இவள்தான், முப்பத்தொரு நாளாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரும் அதே இன்ஜினியர்தான்.

அன்றைய குறிப்புக் கட்டத்தில் ஓரத்தையும் விடாமல் எல்லாவற்றையும் எழுதினாள். சாயந்திரம் டீச்சருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். டீச்சர் கால் நிறத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். "அக்கா, நீங்க சொல்றதைப் பார்த்தா மஞ்சள்கால் உள்ளான் மாதிரி இருக்கு. இந்த வட்டாரத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல. விட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுங்க. எனக்குப் பரீட்சை வேலை, வர முடியாது."

ஒன்பதாம் தேதி ஞாயிறு. டாக்டர் வந்ததும் வராததுமாகப் பதினேழு ஓடிப் போய்ச் சொன்னாள். அவர் பெரிய மனது பண்ணி மூன்றாம் குளத்துப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார். பறவை சேற்றில் நின்றது, முழங்கால்வரை சாக்ஸோடு. நாலு படம் எடுத்தார்.

"பொரி உள்ளான்தாம்மா. கால் கருப்பா இருக்கே, தெரியலையா?"

"அது சேறு டாக்டர். இந்தக் குளத்துச் சேறு அப்படித்தான் ஒட்டும். வாய்க்கால்ல நிக்கும்போது மஞ்சளா இருந்துச்சு, நான் பார்த்தேன். புருவத்தைப் பாருங்க, கையைப் பாருங்க, எவ்ளோ நீளம்..."

"கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுதணும். தெரியாததை எழுதக் கூடாது. பறவை பார்க்கறதுல அதான் முதல் பாடம்" என்றார். கேமராவை மூடிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போய்விட்டார். அன்று மாலை சங்கத்து வாட்ஸாப் குழுவில் அந்தப் படங்களையும் போட்டார், கீழே பொரி உள்ளான் என்று எழுதி.

டீச்சர் அனுப்பி வைத்த அரிய பறவைப் படிவத்தைப் பதினேழு நிரப்பி அனுப்பினாள். நாலு நாளில் திரும்பி வந்தது. பரிசீலிக்கிற மூன்று பேரில் தலைமை யாரென்று சொல்ல வேண்டுமா? சிவப்பு மையில் எழுதியிருந்தது: "காலின் நிறம் தவறு. செயலாளர் நேரில் பார்த்த அதே பறவை பொரி உள்ளான். விவரிப்பில் தையல் சொற்கள். கவனக்குறைவு. ஏற்கப்படவில்லை."

கவனக்குறைவு! மற்றது எதுவும் அவளைக் குத்தவில்லை. அந்த ஒரு வார்த்தை குத்தியது. பதினாலு வருஷம் மேஸ்திரியிடம் வாங்கின திட்டில்கூட அந்த வார்த்தை இரண்டே தடவைதான் வந்தது. இரண்டு தடவையும் தப்பு அவளுடையது, ஒப்புக்கொண்டாள். இப்போது எதற்கு ஒப்புக்கொள்வது?

"விட்டுத் தள்ளு. பறவைக்குத் தெரியும் அது யாருன்னு" என்றார் புருஷன்.

"பறவைக்குத் தெரிஞ்சு எனக்கு என்னங்க ஆகப்போகுது? பார்த்தவ நான். நான் பார்க்கலைன்னு எழுதி அனுப்பியிருக்காங்க."

பொறுத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. ஆனால் இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை, டாக்டர் தனியாக வந்தார். கேட்டில் கையெழுத்துப் போட்டார். வாய்க்கால் பக்கம் போனார். பத்தே நிமிஷத்தில் ஓடி வந்தார், தொப்பி கழுத்துக்குப் பின்னால் தொங்க, முகமெல்லாம் சிவந்து, போனில் யாரிடமோ கத்திக்கொண்டு: "மஞ்சள்கால்! சந்தேகமே இல்ல! லைஃபர்! வட்டாரத்துக்கே முதல் பதிவு!" கேட்டைத் திறந்துவிட்டவளுக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. அவள் எழுதிக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறந்துபோயிருந்தார் என்றால் அது இன்னும் மோசம் என்றுதான் சொல்வேன். தாழ்ப்பாள் கழன்று விழுந்தது அன்றைக்குத்தான்.

ஒரு வாரத்தில் டீச்சர் வந்தாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. சங்கத்தின் ஆண்டு மலர் தயாராகிறது. வருகிற ஞாயிறு பள்ளி உயிரியல் கூடத்தில் கூட்டம். வரைவைப் படித்து எல்லோரும் கை தூக்கி ஒப்புக்கொண்டால் அச்சுக்குப் போய்விடும். மஞ்சள்கால் உள்ளானுக்கு நேரே "கண்டவர்" என்ற இடத்தில் டாக்டர். கடைசிப் பக்கத்தில் "நிலைய ஊழியர்களுக்கு நன்றி."

"அச்சாயிட்டா அப்புறம் மாத்த மாட்டாங்கக்கா" என்றாள் டீச்சர்.

"அவரு எடுத்த படம் எல்லாம் உங்க போன்ல இருக்கா? ஒன்பதாம் தேதி எடுத்ததும் சேர்த்து?"

இருந்தது. பதினேழு ஒன்பதாம் தேதிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் இருபத்தாறாம் தேதிப் படத்தைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து, கைகழுவுகிற தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை சொல்றேன், டீச்சர்" என்றாள்.

மிச்சம் இருந்தது ரிஜிஸ்டர். இன்ஜினியரிடம் போய் நாலாம் தேதிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நல்ல மனுஷன், சோம்பேறி. என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே, தான் கையெழுத்துப் போட்ட பக்கத்தை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்க வியர்த்தது.

"அக்கா, இதுல ஏரேட்டர் முப்பத்தொரு நாளா ஓடலைன்னு இருக்கு!"

"ஓடலையே சார்."

"வெளிய யாராவது பார்த்தா என் கதி என்ன? அந்த வரியை மறைச்சுட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க."

"அந்த வரிதான் சார் எனக்கு வேணும். ஏரேட்டர் ஓடாததாலதான் சேறு கருப்பு. சேறு கருப்பா இருந்ததாலதான் அவரு காலைக் கருப்புன்னாரு. அந்த வரியை எடுத்துட்டா நான் மறுபடியும் பொய்க்காரி ஆயிடுவேன்."

"உங்க ஒப்பந்தம் வருஷா வருஷம் என் கையெழுத்துலதான் புதுப்பிக்கணும், தெரியும்ல?"

"தெரியும் சார். அதையும் படிக்காமத்தான போடுவீங்க?"

வீட்டில் ஒரு சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இன்ஜினியர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எடுத்துட்டுப் போங்க. நான் பார்க்கலை."

"அதான் ஊருக்கே தெரியுமே சார்" என்றாள் பதினேழு, ஜெராக்ஸ் மிஷினைப் போட்டபடி. பாவம், அவரையும் சும்மா சொல்லக் கூடாது. மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்து ஏரேட்டரை ஓடவிட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உயிரியல் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு எலும்புக்கூடு, மேஜையெல்லாம் ஆசிட் கறை. பதினேழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், பக்கத்தில் புருஷன். டாக்டர் வரைவை வாசித்தார். மஞ்சள்கால் உள்ளான் வந்ததும் குரலைக் கொஞ்சம் ஏற்றினார். கைதட்டினார்கள். "ஆட்சேபனை ஏதும் இல்லையே?" என்று தாளைப் புரட்டப் போனார்.

"இருக்கு" என்று பதினேழு எழுந்தாள்.

முப்பது தலையும் திரும்பியது. யாரோ, "கேட்டுல இருக்கிற அம்மா" என்று முணுமுணுத்தார்கள். அவள் நேராக முன்னால் போனாள். சொல்லி வைத்தபடி டீச்சர் இரண்டு படத்தையும் புரொஜெக்டரில் சுவர்மேல் பெரிதாகப் போட்டாள். இந்தப் பக்கம் ஒன்பதாம் தேதி, கருப்புக் கால். அந்தப் பக்கம் இருபத்தாறாம் தேதி, மஞ்சள் கால். இரண்டும் டாக்டர் எடுத்த படம். மேஜைமேல் கிடந்த மர ஸ்கேலைப் பதினேழு எடுத்துக்கொண்டாள்.

"புருவம் பாருங்க. ரெண்டுலயும் கண்ணுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. கை நீளம் பாருங்க. ரெண்டுலயும் வாலைத் தாண்டி நிக்குது. இதெல்லாம் ஒரே ஜாதிப் பறவைன்னு காட்டும், ஒரே பறவைன்னு காட்டாது. இப்ப இங்க பாருங்க." ஸ்கேலை இடது முதுகோரத்தில் வைத்தாள். "இந்த இறகுல ஒரு வெட்டு. இந்தப் படத்துல அதே இறகு, அதே இடம், அதே வெட்டு. டாக்டர் ஒன்பதாம் தேதி பொரி உள்ளான்னு எழுதிப் போட்டது இதே பறவையைத்தான். காலைக் கழுவிட்டு வந்து நின்னதும் அவருக்கு அது லைஃபர் ஆயிடுச்சு."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். பதினேழு சிரிக்கவில்லை. ஜெராக்ஸை எடுத்து, எழுத்து எழுத்தாக வாசித்தாள்: "நாலாம் தேதி, செவ்வாய், காலை ஏழு இருபது. மூன்றாம் குளம் ஏரேட்டர் முப்பத்தொன்றாம் நாளாக ஓடவில்லை, சேறு கருப்பு. வாய்க்கால் ஓரம் ஒரு உள்ளான். புருவப் பைப்பிங் கண்ணோடு நின்றது. கை வாலைவிட நீளம். பிட்டம் வெள்ளைச் சதுரம். கால் மஞ்சள், குளத்தில் இறங்கினால் கருப்பு சாக்ஸ். இடது முதுகோர இறகில் கத்தரி வெட்டு." தாளைத் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினாள். "கீழ இன்ஜினியர் கையெழுத்து, தேதி, முத்திரை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு வெளிச்சம் சரியில்ல... நீங்க அப்பவே தெளிவா சொல்லியிருக்கலாமேம்மா."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "சொன்னேன்! வாயால சொன்னேன், கேக்கலை. எழுதிக் குடுத்தேன், படிக்கலை. சேறுன்னு சொன்னேன், எனக்குப் பாடம் எடுத்தீங்க. நாலு வருஷமா அந்தக் கரையில தினம் நடக்கிறவ நான். சேறு எது கால் எதுன்னு எனக்குத் தெரியாதா? இதோ, உங்க கையெழுத்து!" சிவப்பு மையில் திரும்பி வந்த படிவத்தை மேஜைமேல் வைத்தாள். "கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. யாருக்கு டாக்டர்?"

முன்வரிசையில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா, கோபப்படாதீங்க. ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே போட்டுடலாம். எதுக்கு மனஸ்தாபம்?"

"வேண்டாங்க. நான் சட்டை செக் பண்ணினவ. யாரு பார்த்தாங்களோ அவங்க நம்பர்தான் பாக்கெட்டுக்குள்ள போகும், பக்கத்து மேஜைக்காரி நம்பர் போகாது." அவள் குரல் இறங்கிவிட்டது. "பதினாலு வருஷம் தப்புன்னா மட்டும்தான் என் நம்பரைத் தேடினாங்க. சரியாப் பார்த்ததுக்கு ஒரே ஒரு தடவை போடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

டீச்சர்தான் முதலில் கை தூக்கினாள். அப்புறம் பெரியவர். பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கையும் மேலே போனது. கடைசி பெஞ்சில் உறுப்பினரே இல்லாத புருஷன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். காது மடல் சிவந்திருந்தது. தன் பெயரை அடித்துவிட்டு மேலே அவள் பெயரை எழுதினார். கேட்டில் நிற்கிறவளின் பெயரை டீச்சர் மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதினார். "இப்ப சரிதானே?" என்று தாளை நீட்டினார்.

மற்றவர்களாக இருந்தால் வாங்கிப் பார்க்காமலே கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். பதினேழு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மேலிருந்து ஆரம்பித்தாள். பறவை பெயர் சரி. இடம் சரி. கண்டவர் சரி. அடுத்த வரியில் கண் நின்றது. டீச்சரின் பேனா ஸ்டாண்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டு, தாளை மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"நாள் தப்பு. இருபத்தாறுன்னே இருக்கு. நான் பார்த்தது நாலாம் தேதி. திருப்பி எழுதுங்க."

டாக்டர் திருப்பி எழுதினார். அவள் மறுபடி முதலிலிருந்து கீழ்மடிப்புவரை வாசித்தாள். அவசரமே படவில்லை. முப்பது பேரும் காத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. தாளின் மூலையில் சின்னதாகப் பதினேழு என்று எழுதிய பிறகுதான் அதைக் கையை விட்டு விட்டாள்.